ஜாக்காவின் பதக்கங்கள்

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படைக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ், ஆல்பர்ட் ஜாக்கா என்ற காலாட்படை வீரருடையது. பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் அதற்கு மேல் ஒரு வீரப் பதக்கம் கிடையாது. சாதாரணச் சிப்பாய், ஜெனரல் என்ற பேதம் பார்க்காமல் யாருக்கும் அதைத் தரலாம். அந்தப் போர் முழுவதிலும் வழங்கப்பட்டவை 600க்குச் சற்று அதிகம்தான். 1915இல் துருக்கியின் கல்லிப்போலியில் செய்த ஒரு காரியத்துக்காக ஜாக்கா அதைப் பெற்றார். அடுத்த ஆண்டு பிரான்சில் பொசியேர் என்ற ஊருக்கு அருகே அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார். அதற்கு மிலிட்டரி கிராஸ் கொடுத்தார்கள். அக்காலத்தில் இளநிலை அதிகாரிகளுக்கென இருந்த அந்தப் பதக்கம் முதல் உலகப் போருக்காக மட்டும் 37,000 முறைக்கு மேல் வழங்கப்பட்டிருக்கிறது. 1917 ஏப்ரலில் புல்கூரில் எதிரியின் முள்வேலி வரை போய் வந்ததற்கு அதே மிலிட்டரி கிராஸ் இரண்டாம் தடவையாகக் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெல்ஜியத்தின் பாலிகன் வுட் போரில் முன்னணியில் நின்று படை நடத்தினார். அதற்கு எதுவும் கிடைக்கவில்லை. செய்த வேலையின் கனம் கூடக் கூடக் கிடைத்த மரியாதை குறைந்துகொண்டே போயிருக்கிறது. இதை ஒரு தனிமனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று சொல்லி முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஜாக்காவின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. போர்ப் பதக்கம் வீரத்தை எடைபோட்டுத் தரப்படுவதில்லை. ஒரு செயலை யார் பார்த்தார்கள், பார்த்தவர் பிழைத்தாரா, பிழைத்தவர் மேலிடத்துக்கு எழுதினாரா, மேலிடத்துக்கு அந்த நேரத்தில் ஒரு வீரர் தேவைப்பட்டாரா என்ற நான்கு கேள்விகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் விடைதான் பதக்கமாகிறது.

ஜாக்கா 1893 ஜனவரி 10 அன்று விக்டோரியா மாநிலத்தின் வின்செல்ஸி என்ற ஊருக்கு அருகே பிறந்தார். ஏழு பிள்ளைகளில் நான்காமவர். குடும்பம் பிறகு வெடர்பர்னுக்குக் குடிபெயர்ந்தது. தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. சரக்கு வண்டி ஓட்டிய தந்தையோடு சில காலம் வேலை செய்தார். அதன்பின் மாநில வனத்துறையில் கூலியாளாகச் சேர்ந்து வேலி போடுவது, மரம் நடுவது போன்ற உடலுழைப்பில் ஈடுபட்டார். 1914 செப்டம்பரில் படையில் சேர்ந்தார். தமிழ் வாசகர்களுக்கு அந்த மாதம் வேறொரு காரணத்தால் நினைவிருக்கும்: ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மேல் குண்டு பொழிந்தது 1914 செப்டம்பர் 22 இரவில்தான். அந்த எம்டனை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அடித்துச் செயலிழக்கச் செய்த சிட்னி என்ற போர்க்கப்பல், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அணிக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது. ஜாக்கா அதற்கடுத்த அணியில் டிசம்பரில் மெல்போர்னிலிருந்து புறப்பட்டார். 14ஆவது பட்டாலியன், 4ஆவது பிரிகேடு. பிரிகேடின் தளபதி, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜான் மோனாஷ். எகிப்தில் பயிற்சி முடிந்து, 1915 ஏப்ரல் 26 அன்று, அதாவது முதல் தரையிறக்கத்துக்கு மறுநாள், கல்லிப்போலிக் கரையில் ஜாக்கா கால் வைத்தார்.

கரையிலிருந்து மேட்டை நோக்கி ஏறும் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் ஆஸ்திரேலியர்கள் சில காவல்நிலைகளைப் பற்றிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் கோர்ட்னீஸ் போஸ்ட் ஒன்று. எதிரியின் பதுங்குகுழி அங்கிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது. மே 19 அதிகாலையில் ஏறத்தாழ 42,000 துருக்கிய வீரர்கள் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் பிடித்திருந்த ஆன்சாக் முனை முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். பிற்பகலுக்குள் அவர்களில் சுமார் 3,000 பேர் இறந்து, 7,000 பேர் காயமடைந்திருந்தார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரப்பில் இறந்தவர்கள் 160 பேர். நடுவிலிருந்த நிலம் பிணங்களால் நிறைந்து, அவற்றைப் புதைப்பதற்காகவே மே 24 அன்று இரு தரப்பும் போரை நிறுத்தி வைத்தன. அந்தப் பெருந்தாக்குதலில் துருக்கியர் உள்ளே நுழைந்து பிடித்தது அநேகமாக ஒரே இடம். கோர்ட்னீஸ் போஸ்டின் பதுங்குகுழியில் சில கஜ நீளம். அதன் வளைவில் ஜாக்கா மாட்டிக்கொண்டு, யாரும் முன்னேறாதபடி சுட்டுத் தடுத்துக்கொண்டிருந்தார். லெப்டினன்ட் கிராப் வந்து சேர்ந்தார். இன்னும் சிலரோடு நேராகப் பாய்ந்து பார்த்தார்கள். உடன் வந்தவர்கள் அடிபட்டு விழுந்தார்கள். பிறகு ஜாக்கா சொன்ன யோசனைப்படி, மற்றவர்கள் ஒருபுறம் எறிகுண்டு வீசி எதிரியின் கவனத்தைத் திருப்ப, அவர் தனியாக வெளியேறி, நடுநிலத்தில் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கமாகக் குழிக்குள் குதித்தார். ஐந்து பேரைச் சுட்டார், இரண்டு பேரைத் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தினார், மற்றவர்கள் ஓடினார்கள். விடியும்வரை அந்த இடம் அவர் வசம் இருந்தது. தன் நாட்குறிப்பில் இதை அவர் சில வரிகளில் எழுதி வைத்தார். தன்னைப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப் போவதாகக் கிராப் சொன்னார் என்பதும் அவற்றில் ஒன்று.

அந்த வரி முக்கியமானது. பரிந்துரைக்கும் அதிகாரத்துக்கு நெருக்கமான ஓர் அதிகாரி, கையெட்டும் தூரத்தில் நின்று, தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் உயிரோடு இருந்தார். செயல் நடந்த இடம் ஒரு வளைவு, ஒரு குழி, செய்தவர் ஒருவர், நேரம் சில நிமிடங்கள். காகிதத்தில் எழுதினால் ஒரே பத்தியில் அடங்கிவிடும், படிக்கிற ஜெனரலுக்கும் உடனே புரியும். இதோடு காலமும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 25 தரையிறக்கத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ செய்திருந்தார்கள். எழுத வேண்டிய அதிகாரிகள் பலர் அன்றே இறந்துவிட்டார்கள், பட்டாலியன்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன, யார் எங்கே நின்றார் என்பதே தெரியாத நிலை. அந்த முதல் நாளின் ஆஸ்திரேலியக் காலாட்படைச் செயல் ஒன்றுக்கும் விக்டோரியா கிராஸ் வரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் கழித்து, ஓரளவு ஒழுங்குக்கு வந்துவிட்ட ஒரு காவல்நிலையில், சாட்சியோடு நடந்த செயலுக்கு வந்தது. இதனால் ஜாக்காவின் துணிவு ஒரு மாற்றும் குறையாது. ஆனால் அந்தத் துணிவு பதக்கமாக மாறுவதற்கு அவர் கையில் இல்லாத பல காரியங்கள் ஒத்துழைத்தன.

பதக்கம் ஜூலையில் அறிவிக்கப்பட்டதும் நடந்தவை, தேவை என்ற நான்காவது கேள்விக்கு விடை. புதிதாக ஒரு கூட்டாட்சியாகி 15 ஆண்டுகூட நிறைவடையாத நாடு. படைக்கு ஆள் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கல்லிப்போலியிலிருந்து வரும் செய்திகளோ இறந்தோர் பட்டியலாக இருக்கின்றன. மெல்போர்னின் பெரும்பணக்காரரும் சூதாட்டத் தொழிலில் பேர்பெற்றவருமான ஜான் ரென், அந்தப் போரில் முதல் விக்டோரியா கிராஸ் பெறும் ஆஸ்திரேலியருக்கு 500 பவுனும் தங்கக் கைக்கடிகாரமும் தருவதாக அறிவித்திருந்தார். அவை ஜாக்காவுக்குப் போயின. சாதாரண நிலையில் இருந்த வீரர்களுக்கு அந்தப் பதக்கத்தோடு அரசு தந்த ஓய்வூதியம் ஆண்டுக்கு 10 பவுன்! 1917இல் விளையாட்டு வீரர்களைப் படைக்கு அழைத்த சுவரொட்டியில் ஜாக்காவின் படம் அச்சாயிற்று. அவர் குடும்பம் கட்டாய ராணுவச் சேவையை ஆதரிக்கிறது என்றுகூடப் பேச்சுக் கிளம்பியது. அவருடைய தந்தை நத்தானியேல் அதைப் பொதுவெளியில் மறுத்து, எதிர்த்தரப்பில் நின்று பிரச்சாரம் செய்தார். 1916 அக்டோபரிலும் 1917 டிசம்பரிலும் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளிலும் ஆஸ்திரேலிய மக்கள் கட்டாயச் சேவையை நிராகரித்தார்கள். நாட்டின் முதல் வீரனுடைய தகப்பனார் அந்த நிராகரிப்பின் பக்கம் நின்றது ஆள்சேர்ப்பவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

இனி பொசியேர். 1916 ஜூலை 23 அன்று ஆஸ்திரேலியர்கள் அந்தக் கிராமத்தைப் பிடித்தார்கள். பிடித்ததை வைத்துக்கொள்ள மூன்று டிவிஷன்கள் மாறி மாறி ஆறு வாரம் குண்டுமழையில் கிடந்தன. சேதம் சுமார் 23,000 பேர். ஜாக்கா அதற்குள் சார்ஜென்ட், கம்பெனி சார்ஜென்ட் மேஜர் என்று ஏறி, ஏப்ரலில் இரண்டாம் லெப்டினன்ட் ஆகியிருந்தார். ஆகஸ்டு 7 விடியற்காலையில் ஜெர்மானியர் எதிர்த்தாக்குதல் நடத்தியபோது, முந்தைய இரவின் குண்டுவீச்சுக்குத் தப்ப ஜாக்காவும் அவருடைய மிச்சப் படையினரும் ஒரு நிலவறைக்குள் இருந்தார்கள். ஜெர்மானியர் அந்த இடத்தைத் தாண்டியே போய்விட்டார்கள். போகிற போக்கில் படிக்கட்டு வழியே ஒரு குண்டை உருட்டிவிட்டார்கள். ஜாக்கா மேலே ஏறி வந்து பார்த்தபோது, தன் பின்புறத்தில் ஜெர்மானியர் பெருங்கூட்டமாக நிற்பதும், பக்கத்துப் பட்டாலியனைச் சேர்ந்த ஏறத்தாழ 40 ஆஸ்திரேலியர்களைக் கைதிகளாக நடத்திக்கொண்டு வருவதும் தெரிந்தன. அவரிடம் இருந்தவர்கள் ஏழு பேர். பதுங்கியிருந்து தப்பியிருக்கலாம், சரணடைந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கைதிகளின் கூட்டம் அருகே வரும்வரை காத்திருந்து, ஏழு பேரோடு அந்தக் கூட்டத்தின் நடுவே பாய்ந்தார். கைதிகள் காவலர்களின் துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டு திரும்பினார்கள், இரு பக்கத்திலும் எஞ்சியிருந்த ஆஸ்திரேலியர் ஓடிவந்து சேர்ந்தார்கள். கைகலப்பு முடிந்தபோது கைதிகள் விடுதலை, சிறைப்பட்டவர்கள் ஜெர்மானியர், இழந்த முன்வரிசை திரும்பக் கிடைத்திருந்தது. ஏழு பேரில் காயம்படாதவர் இல்லை. ஜாக்காவுக்கு மட்டும் ஏழு காயங்கள். தலையிலும் தோளிலும் பட்டவை மோசமானவை. லண்டனில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் இறந்துவிட்டதாகக்கூடச் செய்தி பரவியது. ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதிய சார்லஸ் பீன், அந்தப் படையின் வரலாற்றிலேயே தனிமனிதத் துணிச்சலில் இதற்கு ஈடான செயல் இல்லை என்ற பொருள்பட எழுதினார். பீன் எதையும் கூட்டிச் சொல்கிறவர் அல்லர். சம்பவ இடங்களுக்கு நேரில் போய், உயிர்பிழைத்தவர்களை விசாரித்து எழுதியவர். அப்படிப்பட்டவரின் தீர்ப்பு இது என்றால், மிலிட்டரி கிராஸ் அதற்குப் போதுமா?

இதற்கு மூன்று மறுப்புகள் உண்டு. முதலாவது, ஒருவருக்கே இரண்டு விக்டோரியா கிராஸ் தருவது வழக்கமில்லை என்பது. வழக்கமில்லைதான், ஆனால் முடியாததில்லை. 1856இல் தொடங்கிய அந்தப் பதக்கத்தின் வரலாறு முழுவதிலும் மூன்று பேர் அதை இருமுறை பெற்றிருக்கிறார்கள். ஆர்தர் மார்ட்டின்-லீக் தென்னாப்பிரிக்கப் போரிலும் 1914இலும் பெற்றார். நோயல் சாவாஸ் 1916இலும் 1917இலும் பெற்றார், இரண்டாவது இறந்தபின். மூன்றாமவர் இரண்டாம் உலகப் போரின் நியூசிலாந்து வீரர் சார்லஸ் அப்ஹம். ஜாக்கா பொசியேரில் நின்ற அதே மாதத்தில்தான் சாவாஸ் தன் முதல் பதக்கத்துக்கான செயலைச் செய்தார். முதல் இருவரும் மருத்துவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காயம்பட்டவர்களைத் தூக்கி வந்த மருத்துவருக்குச் சாட்சிகள் தாமாகவே சேர்கிறார்கள். அவர் காப்பாற்றிய ஒவ்வொருவரும் ஒரு சாட்சி. பொசியேரின் காலையிலோ ஒரு பட்டாலியனின் ஆட்களும் இன்னொரு பட்டாலியனின் கைதிகளும் ஜெர்மானியரும் ஒரே புழுதியில் கலந்திருந்தார்கள். உடனிருந்த ஏழு பேரும் காயத்தோடு வெவ்வேறு ஆஸ்பத்திரிகளுக்குச் சிதறினார்கள். தலைமையகம் பின்னால் இருந்தது. என்ன நடந்தது என்ற முழுச் சித்திரம் துண்டு துண்டாகத்தான் கூடிவந்தது. கிராப் நின்றதைப் போல இங்கே ஓர் அதிகாரி வளைவில் நின்றிருக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. கல்லிப்போலியில் ஜாக்கா ஒரு லான்ஸ் கார்ப்பரல். அவரிடம் யாரும் அப்படியொன்றை எதிர்பார்க்கவில்லை. பொசியேரில் அவர் அதிகாரி. தன் வரிசை உடைந்தால் அதை மீட்க முயல்வது அதிகாரியின் கடமை. கடமையைச் செய்தவருக்கும் கடமையைத் தாண்டியவருக்கும் ஒரே பதக்கம் தரலாமா? இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பதக்கம் மலிந்தால் மதிப்பிழக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஏழு பேரோடு பெருங்கூட்டத்துக்குள் பாயச் சொல்லி எந்த ராணுவ விதியும் அதிகாரியைக் கேட்பதில்லை. சரணடைவதை மன்னிக்கிற சூழ்நிலையில் தாக்கியதைக் கடமைக் கணக்கில் எழுத வேண்டுமானால் கடமை என்பதற்கு எல்லையே இல்லாமல் போகும்.

மூன்றாவது மறுப்புக்கு வருவதற்கு முன் புல்கூரைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஜாக்காவின் ஆதரவாளர்கள் தங்கள் குற்றச்சாட்டை எழுப்புவது அங்கிருந்துதான். 1917 வசந்தத்தில் ஜெர்மானியர் ஹிண்டன்பர்க் கோடு என்ற புதிய அரணுக்குப் பின்வாங்கியிருந்தார்கள். ஐந்தாம் ராணுவத்தின் தளபதி ஹியூபர்ட் கஃப், புல்கூரில் அதை உடைக்க விரும்பினார். பீரங்கிகள் முள்வேலியைப் போதுமான அளவு வெட்டியிருக்கவில்லை. டாங்கிகள் அந்த வேலையைச் செய்யும், காலாட்படை பின்னால் போகட்டும் என்பது திட்டம். ஜாக்கா அப்போது பட்டாலியனின் உளவு அதிகாரி, கேப்டன். இரவில் நடுநிலத்துக்குள் ஊர்ந்து போய் வேலியை நேரில் பார்த்து வந்து சொன்னார். பிறகு, தாக்குதல் வரிசை எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் நாடாக்களைப் பனியின்மேல் விரிக்கப் போயிருந்தபோது, இரண்டு ஜெர்மானியர் எதிர்ப்பட்டார்கள். அவர்கள் நாடாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் மறுநாள் தாக்குதலே வெளிப்பட்டுவிடும். ரிவால்வர் வெடிக்கவில்லை. பாய்ந்து கையாலேயே இருவரையும் பிடித்து வந்தார். இரண்டாம் மிலிட்டரி கிராஸ் இவற்றுக்குத்தான்.

ஆனால் அவர் பார்த்து வந்து சொன்னது என்ன ஆயிற்று? ஏப்ரல் 10 அன்று பனிப்புயலில் டாங்கிகள் வந்து சேரவில்லை. பனியில் படுத்துக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் விடியும் வேளையில் திரும்பி நடக்க வேண்டியதாயிற்று. மறுநாளும் அதே திட்டம். டாங்கிகள் பழுதாகின, எரிந்தன, தாமதமாயின. ஆஸ்திரேலியர் வெட்டப்படாத வேலி வழியாகவே உள்ளே புகுந்து ஜெர்மானிய அரணைப் பிடித்தார்கள் என்பது நம்புவதற்கே கடினமான செய்தி. குண்டுகள் தீர்ந்தன, பின்னாலிருந்து உதவி வர வழியில்லை, பீரங்கி ஆதரவு கேட்டும் கிடைக்கவில்லை. 4ஆவது பிரிகேடில் போன 3,000 பேரில் 2,339 பேர் சேதம். அன்று 1,170 ஆஸ்திரேலியர்கள் சிறைப்பட்டார்கள். அந்தப் போரில் ஒரே மோதலில் அவ்வளவு ஆஸ்திரேலியர் சிறைப்பட்டது வேறெங்கும் இல்லை. டாங்கிகளின் செயல்பாட்டைப் பற்றி ஜாக்கா மிகக் கடுமையான அறிக்கை கொடுத்தார். மேலதிகாரிகளிடம் மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்கிற சுபாவம் அவருக்கு எப்போதுமே உண்டு. தவறு செய்த சிப்பாயின் மேல் குற்றச்சாட்டு எழுதுவதைவிட ஒரு குத்து விடுவதே மேல் என்று நினைத்தவர் என்றும் சொல்வார்கள். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அவருடைய பதவி உயர்வு கேப்டனோடு நின்றது, பாலிகன் வுட்டுக்குப் பதக்கம் மறுக்கப்பட்டது என்று அவருடைய தோழர்கள் நம்பினார்கள். அதிகாரிகள் வர்க்கம் ஒரு கூலியாளின் மகனை மேலே வரவிடவில்லை என்பது இந்தக் கதையின் இன்னும் காரமான வடிவம்.

மூன்றாவது மறுப்பு இந்த இடத்தில்தான் எழுகிறது. அதன் பெயர் ஹாரி மர்ரே. டாஸ்மேனியாவில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, மேற்கு ஆஸ்திரேலியக் காடுகளில் மரவேலைக்காரர்களை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தவர் மர்ரே. 1914இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். ஜாக்கா இருந்த அதே 4ஆவது பிரிகேடில், 13ஆவது பட்டாலியனின் அதிகாரியானார். 1917 பிப்ரவரியில் விக்டோரியா கிராஸ் பெற்றார்; அதற்கு முன்னும் பின்னும் வேறு பல பதக்கங்கள். புல்கூரின் அதே பனியில் அதே வேலிக்குள் நடந்து, திரும்பி வந்தார். 1918இல் லெப்டினன்ட் கர்னல் ஆனார். அந்தப் போரில் பேரரசின் படைகளிலேயே மிக அதிகம் பதக்கம் பெற்ற காலாட்படை வீரர் என்று இன்றும் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். காட்டு வேலையிலிருந்து வந்து கடைநிலைச் சிப்பாயாகத் தொடங்கிய ஒருவர், அதே பிரிகேடில், அதே மேலதிகாரிகளின் கீழ், இவ்வளவு உயர முடிந்தது என்றால் வர்க்கச் சதி என்ற விளக்கம் நிற்காது. தனிப்பட்ட மனக்கசப்பு இருந்திருக்கலாம். இருந்தது என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் வைத்து இந்த ஏற்றத்தாழ்வை விளக்க முடியாது. மர்ரேயின் பெரிய செயல்கள் ஒரு கம்பெனியை வழிநடத்திச் செய்தவை. நூறு பேருக்கு மேல் பார்த்தவை. பட்டாலியன் தலைமை நிமிடத்துக்கு நிமிடம் தகவல் பெற்றுக்கொண்டிருந்தவை. ஜாக்காவின் பொசியேர்ச் செயலோ தகவல் அறுந்துபோன இடத்தில் நடந்தது. பதக்க முறையின் குருட்டுப்புள்ளி அங்கேதான் இருக்கிறது: மிகப் பெரிய துணிவு தேவைப்படுவது எல்லாம் குலைந்துபோன இடத்தில், எல்லாம் குலைந்த இடத்திலிருந்து எழுத்துமூலம் அறிக்கை வருவதில்லை.

அப்படியானால் பதக்கங்களெல்லாம் பொய்யா என்று ஒருவர் கேட்கலாம். அது அவசரமான முடிவு. கோர்ட்னீஸ் போஸ்டில் நடந்தது நடந்ததுதான். அதற்குக் கிடைத்ததும் தகுதியானதே. பதக்கத்தின் குறை, அது உள்ளதை இல்லாததாக்குவதில் இல்லை. பார்க்கப்படாததை விட்டுவிடுவதில் இருக்கிறது. இன்னொன்றும் கேட்கலாம்: ஜாக்காவின் பொசியேர்ச் செயலை இன்று நாம் அறிந்திருப்பதும் யாரோ எழுதியதால்தானே, அதுமட்டும் நம்பகமா? நல்ல கேள்வி. பீன் எழுதினார்; 14ஆவது பட்டாலியனின் வரலாற்றை நியூட்டன் வான்லிஸ் எழுதினார்; அந்தப் பட்டாலியனில் பணியாற்றிய எட்கர் ரூல், ஜாக்காவின் பெயரையே தலைப்பில் வைத்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டார். வான்லிஸின் மகன் ஹரால்டு அதே பட்டாலியனின் அதிகாரி; பாலிகன் வுட்டில் இறந்தவர். இவர்கள் யாரும் பற்றில்லாதவர்கள் அல்லர். ரூல் ஜாக்காவை நேசித்தவர். இருந்தாலும் இவர்களுக்கும் பதக்கக் குழுவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பரிந்துரை எழுதுகிறவர் சில நாட்களுக்குள், கையில் கிடைத்த ஓரிரு வாக்குமூலங்களை வைத்து முடிவுசெய்ய வேண்டும். வரலாற்றாசிரியருக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் இருந்தது; சிதறிப்போன சாட்சிகளைத் தேடிப் பிடிக்கவும், ஒன்றுக்கொன்று முரண்பட்டதை ஒப்பிட்டுத் தள்ளவும் முடிந்தது. பொசியேர் விஷயத்தில் நான் பதக்கப் பட்டியலைவிட பீனின் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம்.

1917 ஜூலையில் ஒரு மறைசுடுநர் ஜாக்காவைக் காயப்படுத்தினார். தேறி வந்துதான் பாலிகன் வுட்டில் படை நடத்தினார். 1918 மே மாதத்தில் வில்லேர் பிரெத்தொனூ அருகே நச்சுவாயு அவரை மோசமாகத் தாக்கியது. அதன்பின் அவர் போர்முனைக்குத் திரும்பவில்லை. 1919இல் மெல்போர்ன் திரும்பியபோது பெருங்கூட்டம் வரவேற்றது. மர்ரே குவீன்ஸ்லாந்தில் ஆடு மேய்க்கும் பெரும்பண்ணை ஒன்றுக்குள் ஒதுங்கி, பொதுமேடைகளைத் தவிர்த்து, 1966 வரை வாழ்ந்தார். ஜாக்காவால் ஒதுங்க முடியவில்லை. பட்டாலியன் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து மின்சாதன இறக்குமதித் தொழில் தொடங்கினார். பண உதவி செய்தவர்களில் பழைய ஜான் ரென்னும் உண்டு. பொருளாதாரப் பெருமந்தம் அந்தத் தொழிலை விழுங்கியது. பிறகு ஒரு சோப்பு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாக அலைந்தார். 1929இல் செயின்ட் கில்டா நகராட்சி உறுப்பினர். அடுத்த ஆண்டு மேயர். மேயராக அவர் அதிகம் கவலைப்பட்டது வேலையில்லாதவர்களைப் பற்றி. அவர்களில் கணிசமானோர் முன்னாள் வீரர்கள். தன் தொழில் இருந்த நிலையில் அவருக்கு அவர்களின் கஷ்டத்தை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை. 1931 டிசம்பரில் கால்ஃபீல்டு ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, 1932 ஜனவரி 17 அன்று சிறுநீரக நோயால் இறந்தார். வயது 39. போர்க் காயங்களும் வாயுவும்தான் அவரைச் சீக்கிரம் கொண்டுபோயின என்று அவருடைய தோழர்கள் சொன்னார்கள்.

அவருடைய உடலுக்கு ஏறத்தாழ 6,000 பேர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் விக்டோரியா கிராஸ் பெற்றவர்கள். செயின்ட் கில்டாவின் கடற்கரைச் சாலை ஒன்றுக்கும் கான்பெராவின் புறநகர் ஒன்றுக்கும் இன்று அவர் பெயர். அவருடைய கல்லறையில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நினைவு நிகழ்ச்சி நடக்கிறது. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியாவின் முதல் விக்டோரியா கிராஸ் வீரர் என்ற அடைமொழி அவருக்கு நிலைத்துவிட்டது. அது தவறும் அல்ல. ஆனால் ஜாக்காவின் போர்வாழ்வில் உச்சம் 1915 மே 19 அல்ல, 1916 ஆகஸ்டு 7தான்.